தோட்டப் பருவம் முடிவதைச் செடியே சொல்லும்

காய்கறித் தோட்டத்தின் பருவம் முடியப் போவதை நாள்காட்டியைவிடச் செடிகளே முன்னதாகக் காட்டிக்கொடுத்துவிடும். அடியிலைகள் மஞ்சளித்து உதிர்வது, புதிய பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் கொட்டுவது, வெள்ளரிக்காய் ஒரு முனை பருத்தும் மறுமுனை சூம்பியும் கோணலாகக் காய்ப்பது ஆகியவற்றைச் சேர்த்துக் கவனியுங்கள். மஞ்சள் இலையை மட்டும் கண்டு முடிவுகட்ட வேண்டாம், அது தண்ணீர் தேங்கியதாலோ தழைச்சத்துக் குறைவாலோகூட வரலாம். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், தக்காளி செடியிலேயே பழுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது, முழு அளவுக்குப் பருத்துப் பச்சை நிறம் சற்று வெளிறிய காய்களைப் பறித்து, 18 முதல் 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் ஒரு வாழைப்பழத்துடன் காகிதப் பையில் வைத்தால், பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்கவைக்கும். கரும்பச்சைப் பிஞ்சுகளை எத்தனை நாள் வைத்தாலும் அவை சுருங்கத்தான் செய்யும்.