மான்கொம்புப் பெரணி: பழுப்பு இலையில் கை வைக்காதீர்கள்

புதிதாக மான்கொம்புப் பெரணி வளர்ப்பவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தப்புகளைச் செய்வதைப் பார்க்கிறேன். உச்சி வெயில் ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பழுப்பு இலையை உரிப்பது

பலகையில் கட்டி மாட்டி வளர்க்கும் இந்தச் செடிக்கு இரண்டு வகை இலைகள். கிளைத்துத் தொங்கும் கொம்பு இலை ஒன்று. அடியில் வட்டமாகப் பலகையோடு ஒட்டிப் படரும் கவச இலை இன்னொன்று. கவச இலை பச்சையாக வந்து, கொஞ்ச நாளில் காய்ந்து பழுப்பாகிவிடும். உடனே கத்தரிக்கோலைத் தூக்கிவிடுகிறார்கள்.

காய்ந்தாலும் அதன் வேலை முடிவதில்லை. காட்டில் இந்தச் செடி மண்ணில் வளர்வதில்லை, மரத்தைப் பற்றி வாழ்கிறது. வேரை மூடிக் காப்பதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மேலிருந்து விழும் சருகைத் தாங்கி உரமாக்குவதும் இந்தப் பழுப்பு அடுக்குதான். அதன் மேலேயே அடுத்த கவசம் படரும்.

தெரிந்தவர் ஒருவர், பல வருடம் வளர்ந்த சூப்பர்பம் (மான்கொம்புப் பெரணியில் ஒரு இனம்) செடியைச் ‘சுத்தம்’ செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். கவசம் மொத்தமும் போய், வேர்கள் நாராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில், வெள்ளை ரோமம் மூடிய வளர்முனையிலும் கத்தி இறங்கியிருந்தது. புது இலை எல்லாம் அந்த முனையிலிருந்துதான் வர வேண்டும். பைஃபர்கேட்டம் என்ற இன்னொரு இனமாக இருந்தால் பக்கக் கன்றுகளாவது மிஞ்சும். சூப்பர்பம் கன்றே விடாது. முனை போனால் செடியே போச்சு. ஈரமான மாஸ் (பாசி) வைத்துக் கட்டிப் பார்த்தேன், பிழைக்கவில்லை. இன்றும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் செடி இருந்திருக்கும்.

காய்ந்த பழுப்பு இயல்பு. கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால்தான் அழுகல்.

வெள்ளைப் பொடியைத் துடைப்பது

இலை மேல் இருக்கும் அது தூசி இல்லை, ரோமம். நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. விட்டுவிடுங்கள்.

நுனித் திட்டுக்கு மருந்து அடிப்பது

கொம்பு இலை நுனியின் அடிப்பக்கத்தில் வரும் பழுப்புப் படை ஸ்போர், அதாவது பெரணி இனம் பெருக்கும் வித்துத் தூள். செடி முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தினமும் தண்ணீர்

பலகையைத் தூக்கிப் பாருங்கள். எடை நன்றாகக் குறைந்திருந்தால் முழுக்க நனைத்து, வடியவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். மேலாகத் தெளித்துத் தெளித்து எந்நேரமும் ஈரமாக வைத்தால் கவசத்துக்கு உள்ளே அழுகத் தொடங்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

செப்புக் கம்பியால் கட்டுவது

வேண்டாம். பெரணிக்குச் செம்பு ஆகாது. தூண்டில் நரம்பு போதும்.