ஐபிஏவுக்கு மார்க் போடுகிறீர்களா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

பீர் கேனைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மங்கிய மையில் ஒரு தேதி இருக்கும். பேல் ஏல், ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் வகைகளை ருசித்து மார்க் போடுகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. நுரை, நிறம், கசப்பு என்று பத்து வரி எழுதுவார்கள். பீர் கேனுக்குள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அந்த மார்க் கடைக்காரரின் கிடங்குக்குப் போட்டதாகத்தான் கணக்கு.

இந்த வகைப் பீரின் உயிர், கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸின் வாசனையில் இருக்கிறது. பீர் நொதித்து முடிகிற தறுவாயில், அல்லது முடிந்த பிறகு, ஹாப்ஸைக் கொட்டி ஊறவைக்கிறார்கள். டிரை ஹாப்பிங் என்பது இதுதான். கொதிக்கும்போது ஆவியாகிப் போய்விடக்கூடிய எண்ணெய்கள் இப்படிச் செய்தால் பீரிலேயே தங்கும். தங்குவதும் கொஞ்ச நாளைக்குத்தான். அரைத்த காப்பிப்பொடியை மூடாமல் வைத்தால் மணம் போவது போல வாரக்கணக்கில் இறங்கிவிடும். ஃபிரிட்ஜில் இருந்தால் மெதுவாக, வெயிலில் நின்ற லாரியில் வந்தால் சீக்கிரமாக. முதலில் ஆரஞ்சுத் தோல், மாம்பழ வாசனையெல்லாம் மங்கும். அந்த இடத்தில் தேன் மாதிரி ஓர் இனிப்பு வந்து உட்காரும். கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கலங்கலான ஹேஸி ஐபிஏவில் இது கண்ணுக்கே தெரியும். பளிச்சென்றிருந்த மஞ்சள் பழுப்படித்து, அழுக்குத் தண்ணீர் நிறத்துக்குப் போய்விடும்.

பீர் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கலிஃபோர்னியாவின் ஸ்டோன் நிறுவனம் 'என்ஜாய் பை' என்ற ஐபிஏவுக்குக் குடித்து முடிக்க வேண்டிய தேதியையே பெயராக வைத்தது. அவர்கள் கொடுத்த கெடு 37 நாள். ரஷ்யன் ரிவர் என்ற இன்னொரு கலிஃபோர்னியா ஆலையின் பிளினி தி எல்டர் ஐபிஏ பாட்டிலைச் சுற்றிலும், எடுத்து வைக்காதே, புதிதாகக் குடி என்று பல விதமாகக் கெஞ்சியிருப்பார்கள்.

தேதி சில சமயம் குறியீடாக இருக்கும். 24163 என்று கண்டால் 2024ஆம் ஆண்டின் 163ஆவது நாள், அதாவது ஜூன் 11 என்று படிக்க வேண்டும். அடைத்த தேதியா, காலாவதித் தேதியா என்பதையும் கவனியுங்கள். காலாவதித் தேதி வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. அந்தக் கெடுவைத் தயாரிப்பாளர் எத்தனை மாதத்துக்குக் கொடுத்தார் என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம். ஃபிரிட்ஜில் இருந்த, தெளிவும் கசப்புமான வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். ஹேஸிக்கு நான் அவ்வளவு கூடத் தரமாட்டேன். பழைய கேன்தான் கிடைத்தது என்றால் தாராளமாகக் குடியுங்கள், மார்க் மட்டும் வேண்டாம். போட்டே தீர வேண்டுமென்றால் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

நேர் எதிரான தவறும் உண்டு. கேனில் அடைத்து இரண்டே நாளான ஹேஸி ஐபிஏவில் ஹாப்ஸ் துகள்கள் இன்னும் படியாமல் மிதக்கும். விழுங்கும்போது தொண்டையில் மிளகு பட்டது மாதிரி காந்தும். ஒரு வாரம், பத்து நாள் ஃபிரிட்ஜில் கிடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கப்பல் கதை

"இந்தியாவுக்குக் கப்பலில் ஆறு மாதம் வந்த பீர் சார் இது, கெட்டுப்போகவா போகிறது?" என்பது பாரில் அடிக்கடி காதில் விழும் வாதம். ஐபிஏ என்ற பெயருக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் கிழக்குப் பகுதியான போ என்ற இடத்தில் ஹாட்சன் குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறை பக்கத்திலேயே இருந்ததால் கப்பல் தலைவர்கள் அங்கே கடனுக்குப் பீர் வாங்கி, கல்கத்தாவிலும் மதராசிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரிலிருந்து ஆல்சப், பாஸ் என்ற பீர் ஆலைக்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். கசப்பு கூராக விழும்.

ஆனால் கப்பலில் வந்தது மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் முதிர வைப்பதற்கென்றே காய்ச்சிய பீர். பயணத்தில் அது பக்குவப்பட்டது. இன்றைய அமெரிக்க ஐபிஏவில் சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் ரகங்கள் தருகிற பழ வாசனைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. போகட்டும், நீண்ட பயணத்தைத் தாங்குவதற்காகவே பேல் ஏலைக் கண்டுபிடித்தார்கள் என்பதும் ஆதாரமில்லாத கதை. கறுப்பு போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் ஏராளமாக வந்து நல்லபடியாகவே இறங்கியிருக்கிறது.

ஜில்லென்று குடிக்கிற பழக்கம்

நம்மில் பலர் பீர் குடிக்கப் பழகியது டாஸ்மாக் லாகரில். கூலிங் இருக்கா என்பதுதான் அங்கே கேட்கிற முதல் கேள்வி, கேட்பதும் நியாயம்தான். அதே பழக்கத்தில் ஐபிஏவையும் உறைபனி படிந்த கிளாசில் ஊற்றினால் வாசனை எழும்பாது. கசப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். சென்னை மே மாதத்தில் அதுவும் அதிகம்.

கிளாசில் சோப்பு மிச்சமிருந்தால் நுரை நிற்காது. ஊற்றியதும் உள்சுவரில் குமிழிகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று அர்த்தம். கழுவிவிட்டு வேறு ஊற்றச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஐபிஏவான ஹெடி டாப்பரின் கேனிலேயே, இப்படியே குடி என்று அச்சடித்திருப்பார்கள். குடிக்க அது சரி. மார்க் போடுவதென்றால் கிளாசில் ஊற்றி, இரண்டு விரல்கடை நுரை எழும்பவிட்டு, வாயில் வைப்பதற்கு முன்பே மோந்து பாருங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் கிடைக்கிற வாசனை பிறகு கிடைக்காது, மூக்கும் அதற்குள் பழகிவிடும்.

சைடிஷ் விஷயத்தில் நம் ஆட்களோடு சண்டை போட்டே ஆக வேண்டியிருக்கிறது. காரக்கடலை, மிளகாய் பஜ்ஜி, ஊறுகாய் எல்லாம் பீருக்கு ஜோடிதான். ஆனால் மிளகாய் எரிகிற நாக்கில் கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரியும், ஹாப்ஸின் நுணுக்கம் ஒன்றும் பிடிபடாது. வெறும் பிரெட், தண்ணீர். மார்க் போட்டு முடித்த பிறகு பஜ்ஜியை வரவழைத்துக்கொள்ளலாம்.

எந்த ஐபிஏ?

சியரா நெவாடா பேல் ஏல் 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் வந்தது. கேஸ்கேட் ஹாப்ஸின் பைன், பம்பளிமாஸ் வாசனையும் 5.6 சதவீத ஆல்கஹாலும் கொண்ட இந்தப் பீர்தான் அமெரிக்க பேல் ஏலுக்கு அளவுகோல். இன்று அதைக் குடித்துவிட்டு "வாசனை போதவில்லை, தண்ணியாக இருக்கிறது" என்று ஐந்துக்கு இரண்டரை ஸ்டார் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முந்தின கிளாசில் எட்டு சதவீத டபுள் ஐபிஏ இருந்திருக்கும், வேறொன்றுமில்லை. பேல் ஏல் ஒன்றும் பலவீனமான ஐபிஏ கிடையாது. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ரொட்டி வாசமும் ஹாப்ஸும் சமமாக நின்று, இரண்டாவது கிளாசையும் கேட்க வைப்பதுதான் அதன் வேலை.

இதே குழப்பம் ஐபிஏவுக்குள்ளும் உண்டு. வெஸ்ட் கோஸ்ட் வகை தெளிவாக, இனிப்புத் தங்காமல் வறட்சியாக, கசப்பாகத்தான் இருக்க வேண்டும். வெர்மான்ட் பக்கத்திலிருந்து வந்த ஹேஸி வகையில் ஓட்ஸ், கோதுமை சேர்ப்பதால் கலங்கலும் மெத்தென்ற தன்மையும் வரும், கசப்பு பின்னால் நிற்கும். ஹேஸியைக் கலங்கல் என்று குறைசொல்வதும், வெஸ்ட் கோஸ்ட்டைக் கசப்பு என்று குறைசொல்வதும் ஒரே தவறுதான். இங்கிலாந்து ஐபிஏவின் பாடு இன்னும் மோசம். கோல்டிங்ஸ், ஃபகிள் ஹாப்ஸின் மண்வாசமும் மூலிகை வாசமும் மாம்பழத்தைத் தேடி வருகிறவருக்கு எப்படிப் பிடிக்கும்?

பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்யும் பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாளைப் பார்த்தால் ஒரு தெளிவு வரும். மொத்தம் 50. அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துப் போடுகிறோமே, அந்த அழகுக்கு மூன்றே மார்க்.

கசப்பை ஐபியு எண்ணால் அளப்பதையும் விட்டுவிடலாம். ஒரு லிட்டரில் கசப்புப் பொருள் கிட்டத்தட்ட எத்தனை மில்லிகிராம் என்பதை அது சொல்லும், நாக்குக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாது. இனிப்பு தங்கிய ஹேஸியில் 50 மிருதுவாக இருக்கும், வறட்சியான வெஸ்ட் கோஸ்ட்டில் அதே 50 கடிக்கும்.

பிடிக்காததும் பழுதானதும்

பிடிக்கவில்லை என்பதையும் பீரில் பழுது இருக்கிறது என்பதையும் பிரிக்கத் தெரியாமல் மார்க் போடுவதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. பழுதுகளில் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை வந்தால் டயசிட்டைல் என்ற சேர்மம். ஹாப்ஸை நிறையக் கொட்டும்போது அதிலுள்ள நொதிகள் மிச்சமிருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கி இந்த வாடையை விட்டுப்போகும். ஐபிஏவில் இது வருவதற்கு இப்படி ஒரு தனிக் காரணம் இருப்பதால் கவனித்தே ஆக வேண்டும். நாட்பட்ட பாலாடைக்கட்டி வாடை வந்தால் ஹாப்ஸே பழசு. பச்சை பாட்டிலில் வரும் ஒருவித நாற்றம் வெளிச்சம் செய்த வேலை; ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டுக் கந்தகச் சேர்மமாகிவிடுகிறது. மொட்டைமாடி பாரில் வெயில் படுகிற மேசையில் கிளாசை வைத்தால் சில நிமிடத்திலேயே அது நடக்கும். அதற்கான குற்றம் உங்களுடையது, பீருடையது அல்ல.

மாறாக, பூனை மூத்திர வாடை, வெங்காயம், கஞ்சா என்று தோன்றுகிறவை பெரும்பாலும் ஹாப்ஸ் ரகத்தின் இயல்பு. கஞ்சாவும் ஹாப்ஸும் தாவரவியலில் ஒரே குடும்பம். சிம்கோவிலும் சிட்ராவிலும் லேசாகப் பூனை எட்டிப்பார்ப்பதை ரசிக்கிறவர்கள் உண்டு. வெங்காயம் எனக்கு ஆகாது, மார்க் குறைப்பேன். ஆனால் எனக்கு ஆகவில்லை என்றே எழுதுவேன், பீர் கெட்டுவிட்டது என்று எழுதமாட்டேன்.

குறிப்பு எழுதும்போது லேபிளைப் பார்த்து எழுதுவது இன்னொரு வியாதி. பாஷன் ஃப்ரூட்டை முகர்ந்தே பார்க்காதவர் எழுதும் பாஷன் ஃப்ரூட்டுக்கு என்ன மதிப்பு? நன்றாகப் பழுத்த கொய்யா, சாத்துக்குடித் தோல், கொடைக்கானல் பைன் காட்டின் பிசின் என்று உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கொய்யா வாசனைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களில் சில ஹாப்ஸிலும் இருக்கின்றன.

நாலே கால், நாலரை

நூறு மில்லி மாதிரிக் கிளாசில் எது முந்தும்? எது இனிப்போ, எது கனமோ, எது மூக்கைத் துளைக்கிறதோ அதுதான். இரண்டு வாய் குடித்து மார்க் போட்டால் பேல் ஏலும் ஆல்கஹால் குறைந்த செஷன் ஐபிஏவும் எந்நாளும் தோற்கும். டபுள் ஐபிஏ மூன்றாவது வாயில் திகட்டத் தொடங்குவது அந்தச் சின்னக் கிளாசில் தெரியவே தெரியாது. ஒரு முழுக் கிளாஸ் குடித்து, கடைசிக் கால் பங்கில் என்ன தோன்றுகிறது என்று பார்த்துவிட்டு எண்ணைத் தொடுங்கள். வரிசையும் முக்கியம்: லேசானது முதலில், டபுள் கடைசியில். அதுவும் நாலாவது டபுளுக்குப் பிறகு எந்தப் பீருக்கும் நாலரைதான் விழும், அந்த மார்க்கையெல்லாம் மறுநாள் காலையில் அழித்துவிடலாம்.

அரிதாகக் கிடைப்பது நன்றாகத்தான் இருக்கும் என்ற மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. ரஷ்யன் ரிவரின் பிளினி தி யங்கர் 2005 முதல் ஆண்டுக்கொரு முறை, சில வாரங்கள் மட்டும் ஊற்றப்படுகிறது. கலிஃபோர்னியாவில் அதற்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். அது நல்ல பீர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு நேரம் நின்றவர் மூன்றரை போடுவாரா?

இதற்கு வழி, பெயர் தெரியாமல் குடிப்பதுதான். நண்பர் ஒருவரை அடுத்த அறையில் ஊற்றச் சொல்லுங்கள். கிளாசில் எண் மட்டும் இருக்கட்டும். சேர்ந்து குடிக்கிறவர்கள் எழுதி முடிக்கும் வரை வாய் திறக்கக்கூடாது. ஒருவர் மாம்பழம் என்றால் எல்லோருக்கும் மாம்பழம் வந்துவிடும். பிஜேசிபி நடுவர்களும் தனித்தனியாக எழுதிய பிறகே பேசுகிறார்கள். இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று கிளாஸ் வையுங்கள்: இரண்டில் ஒரே ஐபிஏ, ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லையா? அப்படியானால் அந்த இரண்டு பீருக்கும் போன மாதம் நீங்கள் போட்ட நாலே காலையும் நாலரையையும் ஒன்றாக்கிவிட்டு, பஜ்ஜிக்குச் சொல்லி அனுப்பலாம்.