பார்ட் டி மருந்து இன்சூரன்ஸ்: மாத்திரை டப்பாவிலிருந்து ஆரம்பியுங்கள்

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவ இன்சூரன்ஸின் பார்ட் ஏ ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும், பார்ட் பி டாக்டர் செலவைப் பார்க்கும். காலையில் போடும் சர்க்கரை மாத்திரையும் ராத்திரி போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் இந்த இரண்டிலும் வராது. அதற்கென்று 2006-இல் வந்ததுதான் பார்ட் டி. விதி வகுப்பது அரசு, விற்பது தனியார் கம்பெனிகள். பெரும்பாலானவர்களுக்கு இது தானாக வந்து சேராது. நாமே ஒரு பிளானைப் பார்த்துச் சேர வேண்டும்.

சேர்வது அரை மணி நேர வேலை. எதில் சேர்வது என்பதில்தான் பணம் போகிறது. "பிரீமியம் எதில் கம்மி?" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் தப்பான பிளானில்தான் போய் நிற்பீர்கள். என் மாத்திரைகளுக்கு, நான் போகும் பார்மசியில், வருஷம் முழுக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இங்கே சொல்லும் தொகைகள் 2026-ஆம் ஆண்டுக்கானவை. ஜனவரிக்கு ஜனவரி மாறும்.

படி 1: எப்போது சேரலாம்

பார்ட் ஏ, பார்ட் பி இரண்டில் ஒன்று இருந்தால் போதும். முதல் வாய்ப்பு 7 மாதம்: 65 வயது நிறையும் மாதம், அதற்கு முன் 3 மாதம், பின் 3 மாதம். ஜூன் 12-ஆம் தேதி 65 நிறைகிறது என்றால் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை. மே முடிவதற்குள் சேர்ந்துவிட்டால் ஜூன் 1 முதல் நடப்புக்கு வரும். அதற்குப் பிறகு சேர்ந்தால், சேர்ந்ததற்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து. மாதத்தின் 1-ஆம் தேதியே பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு முழுதும் ஒரு மாதம் முன்னால் நகரும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பாஸ்போர்ட்டிலும் ஏறிய பெரியவர்கள் நம்மில் நிறைய. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு பென்ஷன் ஆபீஸில் பதிவான தேதிதான் செல்லும், ஜாதகத் தேதி அல்ல.

பிள்ளைகளிடம் கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு 65 வயது மட்டும் போதாது; தொடர்ந்து 5 வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். அவர்களுடைய 7 மாதம், அந்த 5 வருஷம் நிறையும் மாதத்தைச் சுற்றி வரும். இங்கே 10 வருஷம் வேலை பார்க்காதவர்களுக்கு, துணைவரின் வேலைக் கணக்கும் இல்லாவிட்டால், பார்ட் ஏ இலவசமில்லை; முழு பிரீமியம் மாதம் 565 டாலர். அதனால் சில குடும்பங்கள் மாதம் 202.90 டாலருக்கு பார்ட் பி மட்டும் எடுக்கின்றன. அதை வைத்தே பார்ட் டி வாங்கலாம்.

முதல் வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கும் பிளான் மாற்ற நினைப்பவர்களுக்கும் ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை கதவு திறக்கும். அப்போது சேர்ந்தால் ஜனவரி 1 முதல் நடப்பு. வேலை வழி வந்த மருந்து இன்சூரன்ஸ் நின்றுபோனால் அதிலிருந்து 2 முழு மாத அவகாசம் உண்டு.

மாத்திரையே போடாதவர்களும் இதைத் தள்ளிப் போடக்கூடாது. முதல் 7 மாதம் முடிந்த பிறகு தொடர்ந்து 63 நாள் மருந்து இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்தால் அபராதம் ஏறும்: விட்டுப்போன ஒவ்வொரு முழு மாதத்துக்கும், தேசிய அடிப்படை பிரீமியமான 38.99 டாலரில் 1 சதவீதம். 30 மாதம் விட்டால் மாதம் 11.70 டாலர். சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் பார்ட் டி இருக்கும்வரை, அதாவது பெரும்பாலும் ஆயுசு முழுக்க, அது பிரீமியத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அடிப்படைத் தொகை கூடினால் அபராதமும் கூடும். மருந்தே வேண்டாதவர் தன் ஊரில் கிடைக்கும் மிகக் குறைந்த பிரீமியம் பிளானில் பெயரைப் போட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் அபராதம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இன்சூரன்ஸ் "கிரெடிட்டபிள்" வகையாக, அதாவது பார்ட் டி-க்கு ஈடானதாக, இருந்தால்தான் அப்படி. ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்குள் அதைச் சொல்லி ஒரு கடிதம் வரும். விளம்பரத் தபாலோடு குப்பைக்குப் போவது இதுதான். பத்து வருஷம் கழித்து அபராத நோட்டீஸ் வந்தால் காட்டுவதற்கு இந்தக் காகிதம் வேண்டும், பத்திரப்படுத்துங்கள். 5 வருஷம் நிறைவதற்கு முந்தைய மாதங்களும் வெளிநாட்டில் குடியிருந்த மாதங்களும் அபராதக் கணக்கில் சேரா.

படி 2: மாத்திரைப் பட்டியல்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் மேஜையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., மாத்திரையா கேப்சூலா, மாதத்துக்கு எத்தனை என்று நான்கையும் எழுதுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையில் உள்ள பிராண்ட் பெயரை இங்கே அடித்தால் ஒன்றும் வராது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின், டெல்மா என்றால் டெல்மிசார்டன், தைரோநார்ம் என்றால் லெவோதைராக்சின். கூட்டு மாத்திரைகளைப் பிரித்து எழுத வேண்டி வரும். எக்கோஸ்ப்ரின் ஏவி 75/10 என்பது 75 மி.கி. ஆஸ்பிரினும் 10 மி.கி. அடோர்வாஸ்டாடினும். இங்கே அடோர்வாஸ்டாடினை மட்டும் பட்டியலில் போடுங்கள். சீட்டில்லாமல் கடையில் வாங்கும் 81 மி.கி. ஆஸ்பிரினுக்கு பார்ட் டி காசு தராது. கால்சியம், வைட்டமின் மாத்திரைகளுக்கும் அப்படித்தான்.

வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், சில்னிடிபின் மூன்றும் இந்தியாவில் சாதாரணமாக எழுதித் தரப்படுபவை. அமெரிக்காவில் அனுமதி இல்லை. எந்த பிளானிலும் இருக்காது. இங்குள்ள டாக்டரிடம் மாற்று மருந்து எழுதி வாங்கிய பிறகு பட்டியலை முடியுங்கள்.

இன்னொரு பொறி மெட்ஃபார்மின் ஈ.ஆர்., அதாவது மெல்லக் கரையும் வகை. ஒரே பெயரில் மூன்று வகை உண்டு. சாதாரண ஈ.ஆர். மலிவு. பெயருக்குப் பின்னால் ஓ.எஸ்.எம். அல்லது எம்.ஓ.டி. என்று இருப்பவற்றின் விலை பல மடங்கு. தெரியாமல் அதைக் கிளிக் செய்தால் எல்லா பிளானும் யானை விலை காட்டும். பார்மசி பாட்டில் லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

படி 3: எக்ஸ்ட்ரா ஹெல்ப் கிடைக்குமா

வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 150 சதவீதத்துக்குள்ளும், சேமிப்பு வரம்புக்குள்ளும் இருந்தால் மருந்துச் செலவுக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்ற அரசு உதவி கிடைக்கும். குடியிருக்கும் வீடும் காரும் சேமிப்பில் சேராது. கிடைத்தால் டிடக்டிபிள் (பிளான் காசு தர ஆரம்பிக்கும் முன் நாமே கட்டும் தொகை) இல்லை, அபராதமும் இல்லை. ஜெனரிக் மருந்துக்கு அதிகபட்சம் 5.10 டாலர், பிராண்ட் மருந்துக்கு 12.65 டாலர். சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸில் எஸ்.எஸ்.ஏ-1020 படிவம், அல்லது அவர்கள் வலைத்தளம். வராது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், மனுப் போட்டுப் பாருங்கள்.

படி 4: பிளான்களை ஒப்பிடுவது

மெடிகேர் டாட் கவ் தளத்தில் பிளான் தேடும் பக்கத்தைத் திறந்து ஜிப் கோடு கொடுங்கள். ஒரிஜினல் மெடிகேரில் (அரசே நேரடியாக நடத்தும் பார்ட் ஏ, பார்ட் பி) இருப்பவர்கள் தனி மருந்து பிளானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பிறகு, வழக்கமாகப் போகும் பார்மசியோடு பக்கத்தில் உள்ள இரண்டு மூன்றையும் சேருங்கள். ஒரே பிளானில் ஒரு கடை "பிரிஃபர்ட்" (பிளானின் சலுகை விலைக் கடை), எதிர்க் கடை சாதாரணம் என்று இருக்கும். அதே மாத்திரைக்கு இரண்டு விலை. வரிசைப்படுத்தும்போது மருந்தும் பிரீமியமும் சேர்ந்த மொத்தச் செலவு குறைவானது முதலில் வரும்படி வையுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. ஒருவருக்கு ஜனூவியா என்ற சர்க்கரை மாத்திரை மட்டும். மெடிகேர் பேசி முடித்த விலை 2026 முதல் 30 நாளுக்கு 113 டாலர், வருஷத்துக்கு 1,356. முதல் பிளானில் பிரீமியம் 0. டிடக்டிபிள் 615, அதன் பிறகு 25 சதவீதம். அவர் கையிலிருந்து போவது 615-உம், மீதி 741-இல் கால் பங்கான 185-உம்: ஆக 800 டாலர். இரண்டாவது பிளானில் பிரீமியம் மாதம் 15, டிடக்டிபிள் இல்லை, கோ-பே (மருந்து வாங்கும்போது நாம் தரும் நிலையான பங்கு) மாதம் 40. மொத்தம் 660. "இலவச" பிளான்தான் 140 டாலர் கூடுதல்.

2026-இல் டிடக்டிபிள் 615 டாலரைத் தாண்டக்கூடாது. பிளானின் பட்டியலில் (பிளான் காசு தரும் மருந்துகளின் பட்டியல்) உள்ள மருந்துகளுக்கு உங்கள் கைக்காசு 2,100 டாலரைத் தொட்டால் அந்த வருஷம் அதற்கு மேல் செலவில்லை. பிரீமியமும், பட்டியலுக்கு வெளியே வாங்கிய மருந்தும், டிஸ்கவுன்ட் கூப்பனில் வாங்கியதும் இந்த 2,100-இல் சேராது. இன்சுலின் ஒவ்வொன்றுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் கிடையாது. ஷிங்கிள்ஸ் தடுப்பூசிக்கு 0.

முதலில் வந்த இரண்டு மூன்று பிளான்களின் விவரத்துக்குள் போய், உங்கள் மருந்துக்குப் பக்கத்தில் என்ன கட்டுப்பாடு என்று பாருங்கள். பிரையர் ஆத்தரைசேஷன் என்றால் டாக்டர் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஸ்டெப் தெரபி என்றால் மலிவான மருந்தை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். 20 டாலர் மிச்சத்துக்காக இந்த அலைச்சல் வேண்டுமா என்பது உங்கள் முடிவு. வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

படி 5: பெயர் பதிவது

கையில் சிவப்பு, வெள்ளை, நீல நிற மெடிகேர் கார்டு வேண்டும். அதிலுள்ள எண் 11 இடம் கொண்டது; நடுவில் உள்ள கோடுகளை அடிக்க வேண்டாம். எஸ் (S), எல் (L), ஓ (O), ஐ (I), பி (B), இசட் (Z) ஆகிய ஆறு எழுத்துகளும் அந்த எண்ணில் வரவே வராது. எனவே ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று, பி (B) போலத் தெரிவது எட்டு. பாதி நிராகரிப்பு இங்கேயே தவிர்ந்துவிடும். மீதி, பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கார்டில் அப்பா பெயர் முன்னால் ஏறியிருக்கலாம், இனிஷியல் விரிந்திருக்கலாம். தப்பாகவே தெரிந்தாலும் கார்டில் இருக்கிறபடியே அடியுங்கள். கார்டைத் திருத்துவது தனி வேலை.

பார்ட் ஏ, பார்ட் பி தொடங்கிய தேதிகளையும் கேட்பார்கள், அவையும் கார்டில் உண்டு. பிரீமியத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு பென்ஷனில் பிடித்தம் என்று போட்டால், பிடித்தம் தொடங்கத் தாமதமாகி இரண்டு மூன்று மாதத் தொகையை ஒரேயடியாக எடுத்துவிடுவது உண்டு. முதல் வருஷம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவது நிம்மதி.

ஏற்கெனவே பார்ட் சி எனப்படும், தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில், ஹெச்.எம்.ஓ. அல்லது பி.பி.ஓ. வகை பிளானில் இருப்பவர்கள் தனி பார்ட் டி-யில் சேரக்கூடாது. சேர்ந்தால் அட்வான்டேஜிலிருந்து பெயர் தானாகவே நீங்கிவிடும். டாக்டர் செலவுக்கு ஒரிஜினல் மெடிகேர்தான் மிஞ்சும்.

வலைத்தளம் ஒத்துவரவில்லை என்றால் 1-800-633-4227. மொழிபெயர்ப்பாளர் இலவசம், "டமில்" என்று கேளுங்கள். அப்பாவுக்காக மகள் பேசுவதானால் அப்பா பக்கத்தில் இருந்து வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். மாநிலந்தோறும் உள்ள ஷிப் (SHIP) என்ற மெடிகேர் உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள் கமிஷன் இல்லாமல் உட்கார்ந்து பார்த்துத் தருவார்கள். யாராவது தாங்களாகவே போன் செய்து மெடிகேர் எண் கேட்டால் பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

படி 6: முதல் மாதம்

புது கார்டு வருவதற்குள் மருந்து தீர்ந்தால், பிளான் அனுப்பிய உறுதிக் கடிதத்தையும் மெடிகேர் கார்டையும் பார்மசியில் காட்டினால் போதும். ஏற்கெனவே போட்டுவரும் மருந்து புது பிளானின் பட்டியலில் இல்லை என்று கவுன்டரில் சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். முதல் 90 நாளுக்குள் ஒரு முறை, ஒரு மாத மருந்து தந்தாக வேண்டும். "டிரான்சிஷன் ஃபில்" என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் டாக்டர் மூலம் பிளானிடம் விதிவிலக்கு கேட்கலாம். டாக்டரின் குறிப்பு பிளானுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 72 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். அவசரம் என்று டாக்டர் எழுதினால் 24 மணி நேரம்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கும் மருந்துக்கு பார்ட் டி செல்லாது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே 90 நாள் மருந்துக்குச் சீட்டு வாங்குங்கள். "இன்னும் தேதி ஆகவில்லை" என்று கம்ப்யூட்டர் மறுத்தால், பிளானுக்கு போன் செய்து "வெக்கேஷன் ஓவர்ரைடு" கேட்க நாள் வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பிளான் பெயரை நீக்கிவிடும். திரும்பி வந்ததும் 2 மாதத்துக்குள் மறுபடி சேர வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் பிளானிலிருந்து ஒரு தடித்த கவர் வரும், அடுத்த வருஷ மாற்றங்களோடு. அதையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அக்டோபர் 15-க்குப் பிறகு ஒரு நாள் படி 4-ஐத் திரும்பச் செய்யுங்கள்.