கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சைக்கிளுக்கு எந்தக் கண்ணாடி?

சின்ன வயதிலிருந்து மைனஸ் ஆறு பவர் கண்ணாடியோடு சைக்கிள் ஓட்டியவன் நான். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தபின், தூரத்துப் பலகை எழுத்து வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. “இனி படிக்க மட்டும் கண்ணாடி போட்டால் போதும்” என்றார் டாக்டர். பார்வையைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் இத்தனை வருடமும் காற்றையும் தூசியையும் பூச்சியையும் கண்ணில் விழாமல் தடுத்தது அந்தப் பழைய கண்ணாடிதான். அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கண்ணோடு சைக்கிளில் ஏறாதீர்கள். ஆபரேஷன் ஆன கண்ணில் சில மாதங்களுக்கு வறட்சியும் உறுத்தலும் இருப்பது சகஜம். எதிர்க்காற்று பட்டால் நீர் கொட்டும், பாதை கலங்கிவிடும்.

எப்போது மறுபடி ஏறலாம் என்பதை உங்கள் டாக்டரே சொல்ல வேண்டும். கண்ணின் பவர் ஒரு நிலைக்கு வர பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் பவர் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தால் பணம் வீண். இடையில் ஓட்ட அனுமதி கிடைத்தால், பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி போதும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போடும் பரிசோதனை நாளில் மட்டும் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளேறி, உள்ளே வரும் ஒளியில் ஒரு பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. அது போனதும் நீலம் பளிச்சென்று தெரியும், வெயில் கூசும். இப்போது வைக்கும் உள்விழி லென்ஸ்கள் பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத் தடுப்பவைதான். ஆனால் அவை கண்ணுக்குள் இருப்பவை. இமைத் தோலும் வெண்விழியும் வெளியே இருக்கின்றன. அதனால் ‘யுவி 400’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று பொருள். கறுப்பாக இருந்தாலே புற ஊதாவைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நிறமே இல்லாத பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸும் அதைத் தடுத்துவிடும். கல் தெறித்தாலும் எளிதில் உடையாது என்பதால், சைக்கிளுக்குப் பாலிகார்பனேட் அல்லது அதைப் போன்ற பிளாஸ்டிக்கான ட்ரைவெக்ஸ் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

நிறத்தின் அடர்த்தியை 0 முதல் 4 வரை எண்ணால் குறிப்பார்கள். நல்ல வெயிலுக்கு 3 போதும். அதில் 8 முதல் 18 சதவீதம் ஒளி உள்ளே வரும். 4 சாலைக்கு ஆகாது. விடியலில் கிளம்பி வெயில் ஏறியபின் திரும்புகிறவர்களுக்கு, வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறம் மாறும் போட்டோகுரோமிக் லென்ஸ்தான் என் முதல் தேர்வு. ஆனால் கறுத்த லென்ஸ் மறுபடி வெளுக்கச் சில நிமிடம் ஆகும், குளிரில் இன்னும் மெதுவாகும். வெயிலிலிருந்து சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது இதை நினைவில் வையுங்கள். போலரைஸ்டு லென்ஸ் ஈரச் சாலையின் பளபளப்பை அடக்கும். கூச்சம் அதிகமுள்ளவருக்கு சுகமாக இருக்கும். ஆனால் வேகமும் தூரமும் காட்டும் சில சைக்கிள் கம்ப்யூட்டர்களின் திரை அதன் வழியே இருண்டுவிடும், அந்தப் பளபளப்பைப் பார்த்து வழுக்கலை ஊகிக்கவும் முடியாது. நான் வாங்கவில்லை. இரவுக்கு நிறமில்லாத லென்ஸ்தான். மஞ்சள் லென்ஸ் போட்டால் எதிர்விளக்கின் கூச்சம் குறையும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதில். கண்ணுக்குள் தூரத்துக்கென்று ஒற்றைக் குவிய லென்ஸ், அதாவது ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் லென்ஸ் வைத்திருந்தால், சாலை தெளிவாக இருக்கும், ஹேண்டில்பாரில் உள்ள திரை மங்கும். படிக்கிற கண்ணாடியின் பவரை அப்படியே அங்கே கொண்டுவராதீர்கள். பிளஸ் 2.5 என்பது 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. ஹேண்டில்பார் அதைவிடத் தள்ளி இருக்கிறது. ஓட்டும் நிலையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணிலிருந்து திரை வரை ஒருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் என்றால் பிளஸ் 1.5 அல்லது 1.75 போதும். அந்த அளவைச் சீட்டில் எழுதிக் கண்ணாடி செய்பவரிடம் கொடுங்கள். கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி லென்ஸின் அடியோரத்தில் சிறியதாக இருக்கட்டும். பெரிதாக வைத்தால் முன் சக்கரத்துக்கு அருகிலுள்ள குழி மங்கிப்போகும்.

கடையில் நிமிர்ந்து நின்று கண்ணாடியில் முகம் பார்த்தால் போதாது. சைக்கிளில் குனிந்திருக்கும்போது சாலையை லென்ஸின் மேற்பகுதி வழியாகத்தான் பார்க்கிறோம். அதனால் மேல்விளிம்பு இல்லாத, உயரமான லென்ஸ் நல்லது. ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். தலையில் மாட்டி, ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் குனிந்து, தலையைத் தூக்காமல் எதிர்ச் சுவரைப் பாருங்கள். ஃபிரேம் குறுக்கே வந்தால் அது வேண்டாம். இரண்டு பக்கமும் வளைந்து மூடும் ஃபிரேம் காற்றை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதிக வளைவில் பவர் போட்டால் ஓரங்களில் உருவம் கோணும். பவர் தேவைப்படுகிறவர்கள் வளைவு குறைந்ததை எடுக்கலாம், அல்லது உள்ளே மாட்டும் தனி லென்ஸ் கேட்கலாம். நெற்றிப்பக்கம் கொஞ்சம் காற்றுப் போக இடைவெளி இருந்தால் ஆவி படியாது.

ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகி, மறு கண் இன்னும் மைனஸ் பவரில் இருந்தால், இரண்டு கண்ணின் உருவ அளவும் ஒத்துப்போகாது. தூரத்தைக் கணிப்பதும் தடுமாறும். மறு கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது தீரும்வரை நெரிசலான சாலை வேண்டாம்.

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மங்கி, விளக்கொளி மறுபடி சிதறத் தொடங்கினால், இன்னும் கறுப்பான கண்ணாடி தேடாதீர்கள். உள்விழி லென்ஸுக்குப் பின்னாலுள்ள உறை மங்கியிருக்கலாம். லேசரால் சிறிது நேரத்தில் சரிசெய்துவிடுவார்கள். மின்னல்போல் ஒளி, திடீரென்று மிதக்கும் புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருட்டு என்று தெரிந்தால் அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், சைக்கிளில் போகாமல்.