விண்டோஸ் 11-இல் பழகிய டாஸ்க்பாரை மீட்டெடுக்கும் வழி

நாள் முழுவதும் கணினியில் வேலை செய்பவருக்கு, திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பார், கண் பார்க்காமலே கை போய்ச் சேரும் இடம். 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 அந்தக் கைப்பழக்கத்தை ஒரே நாளில் கலைத்தது. ஸ்டார்ட் பொத்தான் பட்டையின் நடுப்பகுதிக்கு நகர்ந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலின் பெயரையும் தனித்தனியே காட்டும் வசதியும், பட்டையைத் திரையின் மேலோ பக்கவாட்டிலோ வைத்துக்கொள்ளும் வசதியும் நீக்கப்பட்டன. விண்டோஸ் 95 காலந்தொட்டு இருந்துவந்த இவற்றை எடுத்துவிடுமாறு எந்தப் பயனர் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருந்தாலும், இழந்தவற்றில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற முடியும்.

முதலில், டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, அடியிலுள்ள ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ பகுதியை விரியுங்கள். அங்கே ‘டாஸ்க்பார் அலைன்மென்ட்’ என்பதை ‘லெஃப்ட்’ என மாற்றினால் ஸ்டார்ட் பொத்தான் பழைய இடது மூலைக்கு வந்துவிடும்.

அதே பகுதியில் ‘கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்’ என்றொரு தெரிவு இருக்கிறது. அதை ‘நெவர்’ என வையுங்கள். என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம். நான்கு எக்செல் கோப்புகளைத் திறந்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்: கோப்புகள் ஒரே சின்னத்துக்குள் அடங்கியிருந்தால், அவர் சின்னத்தின் மீது மவுஸை நிறுத்தி, சிறு படங்கள் தோன்றும்வரை காத்திருந்து, ஒன்றுபோலவே தெரியும் கட்டங்களுக்குள் தமக்கு வேண்டியதைத் தேட வேண்டும், பெயர்கள் வரிசையாகத் தெரிந்தால் ஒரே அழுத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு நாளில் நூறு முறை செய்யும் செயலில் ஒரு படி கூடுவது சிறிய விஷயமே அன்று. இந்த வசதி 2023-இல்தான் திரும்பி வந்தது. ஆகவே அது உங்கள் கணினியில் தென்படவில்லையென்றால், விண்டோஸ் அப்டேட்டை முதலில் முடித்துவிடுங்கள்.

கோப்பின் மீது வலப்பொத்தானை அழுத்தும்போது வரும் சுருங்கிய பட்டியலுக்கும் எளிய மாற்று உண்டு. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால், ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ வழியே சுற்றிப் போகாமல் முழுப் பட்டியலும் நேரடியாகத் திறக்கும்.

பட்டையைப் பக்கவாட்டில் வைப்பது மட்டும் இந்தத் தெரிவுகளால் ஆகாது. 1366×768 அளவுள்ள மடிக்கணினியில் அகலம் தாராளம், உயரம் பற்றாக்குறை. அந்த 768 புள்ளிகளில் 48-ஐப் பட்டையே எடுத்துக்கொள்கிறது. ‘ஆட்டோமேட்டிக்கலி ஹைட் தி டாஸ்க்பார்’ என்பதைத் தெரிவுசெய்தால் அந்த இடம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் பட்டையை மேலே வரவழைக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டுப் பட்டையை மீட்டுத்தரும் வெளியார் மென்பொருள்களும் உள்ளன. அவை அமைப்பின் உட்பகுதியில் கைவைப்பவை என்பதால், பெரிய அப்டேட் வரும்போது டாஸ்க்பாரே முடங்கக்கூடும். அலுவலகக் கணினியில் அவற்றை நிறுவ வேண்டாம்.

எஞ்சிய குறைகளை உருவாக்கியவர்களிடமே தெரிவியுங்கள். விண்டோஸ் விசையையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ‘ஃபீட்பேக் ஹப்’ திறக்கும். அது திரையைப் படமெடுத்து இணைக்கக்கூடும். அந்தரங்கமான ஏதேனும் அதில் தெரிந்தால் நீக்கிவிடுங்கள். புதிதாக எழுதுவதற்கு முன் அதே கோரிக்கை ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதற்கே உங்கள் வாக்கை அளியுங்கள். எழுத நேர்ந்தால் ‘பழையதே நன்று’ என்று நிறுத்திவிடாமல், என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், முன்பு அதற்கு எத்தனை படிகள், இப்போது எத்தனை படிகள் என்பதை எண்ணிச் சொல்லுங்கள். 2012-இல் விண்டோஸ் 8 எடுத்துவிட்ட ஸ்டார்ட் பொத்தான், பயனர்கள் விடாமல் முறையிட்ட பிறகு, மறு ஆண்டே விண்டோஸ் 8.1-இல் திரும்பி வந்தது.