மாயமற்ற விசுவாசம்: வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான்கு வாரப் பாடம் நடத்தும் முறை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் வந்தால் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துச் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டங்கள் கூடிவிடும். மாய்மாலத்தை, அதாவது பக்தி உள்ளதுபோல நடிப்பதைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று பல சபைகளில் வாசிக்கப்படும் மத்தேயு 6-ஆம் அதிகாரமே இந்தப் பாடத்தின் அடிப்படை.

பெரும்பாலானோர் இதை மத்தேயு 23-இல் தொடங்குகிறார்கள். "மாயக்காரராகிய வேதபாரகரே, பரிசேயரே" என்று, யூதச் சட்ட அறிஞரையும் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினரையும் இயேசு கண்டிப்பதை உரக்க வாசித்ததும் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒவ்வொருவர் மனதிலும் வேறு யாரோ ஒருவரின் முகம் இருக்கும். பாடம் யாரையும் தொடாமல் முடிந்துவிடும். ஆகவே 23-ஐக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். முதல் மூன்று வாரமும் மத்தேயு 6: தர்மம், ஜெபம், உபவாசம். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போய் அந்தரங்கமாகச் செய்ய ஒரு காரியம் கொடுங்கள். அதைச் செய்தீர்களா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, செய்தவரும் சாட்சி சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் மூன்றாம் வாரத்திலேயே கூட்டம் போட்டிச் சாட்சிக் கூட்டமாகிவிடும்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். பாயில் வட்டமாக உட்காருங்கள். இத்தனை பேருக்கு மைக்கும் வாசலில் ஸ்பீக்கரும் வேண்டாம்; தெருவுக்குக் கேட்கிறது என்று தெரிந்தாலே பேச்சு மாறிவிடும். பாட்டுக்கு 5 நிமிடம், வாசிப்புக்கு 10, பேச்சுக்கு 25, மௌனத்துக்கும் ஜெபத்துக்கும் 10 என 50 நிமிடம். பேசுகிறவர் "நான்" என்றே பேச வேண்டும். ஆளின் பெயர், சபையின் பெயர், சபைப் போதகரான ஐயரைப் பற்றிய பேச்சு எதுவும் கூடாது. வேறு சபைப் பிரிவைப் பற்றிய பேச்சு தொடங்கினால் கூட்டம் கலகலப்பாகும், பாடம் அங்கேயே செத்துவிடும். உடனே நிறுத்தி, வசனத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம், மத்தேயு 6:1-4. நம் ஊர்ப் பழக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: மின்விசிறி இறக்கையில் எழுதிய "அன்பளிப்பு", ஆராதனையில் வாசிக்கும் காணிக்கைப் பட்டியல், அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் விளைபொருளின் ஏலம். இலவம்பாடிக் கத்திரிக்காய் ஒரு கூடையைப் பத்து மடங்கு விலைக்கு ஏலம் எடுப்பது பாவம் என்று பாடம் நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏலப் பணம் சபைக்கு உதவுகிறது. கணக்கும் ரசீதும் சபைக்குத் தேவை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "என் பெயரை வாசிக்காவிட்டாலும் அதே தொகையைக் கொடுப்பேனா?" கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பதிலைச் சொல்ல வைக்காதீர்கள்.

யாராவது மத்தேயு 5:16-ஐ நிச்சயம் எடுப்பார்கள். மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காண வேண்டும் என்று அங்கே இருக்கிறதே என்பார்கள். அந்த வசனத்தை முடிவுவரை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே மகிமை பரலோகத்திலிருக்கிற பிதாவுக்குப் போகிறது. 6:1-இல் செய்கிறவனுக்குப் போகிறது. நற்கிரியை கண்ணில் படுவதில் குற்றமில்லை, கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே செய்வதில்தான் இருக்கிறது. அப்போஸ்தலர் 5-உம் இங்கே உதவும். நிலத்தை விற்ற பணம் அனனியாவின் வசத்திலேயே இருந்தது என்று பேதுரு சொல்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டது அவன் குற்றமில்லை. முழுவதையும் கொடுத்ததுபோலக் காட்டினான்.

அந்த வாரத்துக்கான காரியத்துக்கு வேலூரில் இடம் தேடவே வேண்டாம். சிஎம்சி மருத்துவமனைக்கு வட மாநிலங்களிலிருந்து வந்து, மொழி தெரியாமல் நிற்கிறவர்கள் எப்போதும் உண்டு. இந்தி தெரிந்தவர் அரை நாள் அவர்களுக்கு வழி காட்டலாம். உடல்நலம் இடம் கொடுத்தால் ரத்தம் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்த பின் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாமல் இருப்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததே.

இரண்டாம் வாரம் 6:5-8. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது வசனம். ஐந்து பேர் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் கதவு ஏது? மொட்டை மாடி, குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தைய நேரம், குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரும் பேருந்தின் ஜன்னலோர இருக்கை, எதுவும் ஆகும். தானியேல் பலகணி திறந்திருந்த மேலறையில்தான் ஜெபித்தார். வீட்டார் பார்த்துவிட்டால் ஜெபம் வீணாகிவிடாது. தினமும் பத்து நிமிடம், ஏழு நாள். சபையில் நீளமாக ஜெபிக்கிறவர்கள் தனிமையில் எவ்வளவு நேரம் ஜெபிக்கிறோம் என்று தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாம் வாரம் 6:16-18, அதோடு ஏசாயா 58:6-7. முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் போதும். வேலூர் வெயிலில் தண்ணீரை விடச் சொல்லாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் உணவை விட வேண்டாம். அவர்கள் ஒரு வாரம் போனில் வீடியோ பார்ப்பதை விடலாம். இதை எல்லாருக்கும் பொதுவாக அறிவியுங்கள், ஆளைக் குறிப்பிட்டு விலக்கு அளித்தால் அதுவே அவமானமாகிவிடும். ஏசாயா உபவாசத்தைப் பசியுள்ளவனோடு சேர்த்துச் சொல்கிறார். மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவு அறுபது ரூபாயானாலும் அது அன்றைக்கே இன்னொருவர் தட்டுக்குப் போகட்டும்.

நான்காம் வாரம்தான் கடினமானது. பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன்) ஜெபித்த உவமையை, லூக்கா 18:9-14-ஐ, முதலில் வாசித்து, பிறகு மத்தேயு 23-க்கு வாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "ஐயோ" எட்டு முறை வரும். சில புதிய மொழிபெயர்ப்புகள் 14-ஆம் வசனத்தை அடிக்குறிப்பில் தருவதால் ஏழுதான். இந்த எண்ணிக்கை வாதத்தில் நேரம் போகாதபடி எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்கட்டும். பரிசேயர் என்றாலே கெட்டவர் என்றும் யூதரே அப்படி என்றும் பேச விடாதீர்கள். இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு பரிசேயர், பவுலும் பரிசேயர். 23:1-இல் இயேசு பேசுவது ஜனங்களோடும் தம்முடைய சீஷர்களோடும்.

கலாத்தியர் 2:11-14-ஐ விடாமல் வாசியுங்கள். பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அதை மாயம் என்றே சொல்கிறார். இது நம் ஊரில் சாதியைத் தொடும், தொட வேண்டும். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, பெண் பார்க்கும்போது முதல் கேள்வி என்ன கேட்கிறோம்? யார் வீட்டுத் துக்கத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புகிறோம்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளரா? ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) செலுத்தி நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டதாக 23:23 சொல்வது இதைத்தான். கோபம் வந்தால் வாதாடாதீர்கள். வசனத்தை மறுபடி வாசித்து, மௌன நேரத்தை நீட்டுங்கள். அந்த வாரக் காரியம்: இதுவரை நாம் சாப்பிடாத ஒரு வீட்டில் போய்ச் சாப்பிடுவது.

நான்கு வாரத்திலும் யாராவது ஒருவர் வாடிப்போவார். ஜெபிக்கும்போது மனம் ஒட்டவில்லை, அப்படியானால் நானும் மாயக்காரன்தான் என்று பயப்படுவார். பெரும்பாலும் கூட்டத்திலேயே உண்மையானவர் அவராகத்தான் இருப்பார். தனியாகக் கூப்பிட்டு மாற்கு 9:24-ஐக் காட்டுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பலவீனத்தை ஒப்புக்கொண்டவனுக்கு இயேசு உதவி செய்தார், கடிந்துகொள்ளவில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது வேறு, குறைவோடு வந்து நிற்பது வேறு. இந்த வித்தியாசத்தை அவர் புரிந்துகொள்ளும்வரை அடுத்த வாரப் பாடத்துக்கு அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று பாடமே போதும். லூக்கா 18-இன் உவமையில் பரிசேயனாக நடிக்க வைத்தால் வகுப்பே சிரித்து மகிழும், ஆனால் எல்லாப் பிள்ளைகளும் பரிசேயன் வேடத்தையே கேட்பார்கள். ஆயக்காரனாக நிற்க யாரும் வரமாட்டார்கள். நாடகத்தை விட்டுவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு வேலை செய்யச் சொல்லி அனுப்புங்கள். செய்தவர்களுக்குப் பரிசோ ஸ்டாரோ கொடுக்காதீர்கள்.