விசிலுக்குக் காதைப் பொத்தும் குழந்தை, களியைத் துப்பும் குழந்தை: எங்கிருந்து தொடங்குவது?

குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடுகிறது. சட்டைக் காலரில் லேபிள் உரசினால் சட்டையையே கழற்றி எறிகிறது. களியை நாக்கில் வைத்ததும் ஓங்கரிக்கிறது. இன்னொரு குழந்தை இதற்கு நேர்மாறு: முட்டி கிழிந்து ரத்தம் வந்தாலும் அழாமல் எழுந்து ஓடும், நாள் முழுக்கத் திண்ணையிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கும். ஒரே குழந்தையிடம் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு, என் மகனைப் போல.

ஒலி, தொடுதல், சுவை, உடம்பின் அசைவு இவற்றையெல்லாம் மூளை வாங்கி ஒழுங்குபடுத்துவதில் வரும் இந்தத் தடுமாற்றத்தைத்தான் சென்சரி பிராசஸிங் சிரமம் என்கிறார்கள். இதைப் பற்றி 1970-களில் விரிவாக எழுதியவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்). 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல வகைப்பாட்டு நூலில் இது தனி நோயாக இல்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கிறது. அதற்காக, காதைப் பொத்தும் குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்று பயந்துவிடாதீர்கள்.

படி 1: முதலில் உடம்பைப் பாருங்கள்

காதில் சீழ், சொத்தைப் பல், மலச்சிக்கல் இருந்தாலும் குழந்தை இப்படித்தான் நடந்துகொள்ளும். காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். மண், சுண்ணாம்பு தின்கிற குழந்தை என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே போவது? குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு டி.இ.ஐ.சி. மையம் (வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம்) என்று ஏற்பாடு. தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் போய் அந்த மையம் எங்கே என்று கேளுங்கள். இதே திட்டத்தின் மருத்துவக் குழு பால்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். வரும்போது அவர்களிடமும் சொல்லலாம்.

படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது, ஆனால் பலரும் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை குழந்தை உடைந்து அழும்போதும் நேரம், இடம், அதற்கு முன்னால் நடந்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது, இவ்வளவையும் எழுதுங்கள். இப்படி:

"மாலை 6.30, பஸ் ஸ்டாண்டு. ஏர் ஹாரன் அடித்ததும் தரையில் உருண்டான். மதியம் தூங்கவில்லை. புதுச் செருப்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம்."

ஹாரன்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் தூக்கமின்மை, செருப்பு, நெரிசல் மூன்றும் முன்பே சேர்ந்திருக்கின்றன. அடுத்த முறை பழைய செருப்பைப் போட்டு, தூங்கி எழுந்தபின் கூட்டிப் போனால் அதே ஹாரனைத் தாங்கிவிடலாம்.

அடமா, தாங்க முடியாமல் அழுகிறதா என்பதும் நோட்டில் தெரிந்துவிடும். அடம் பிடிக்கும் குழந்தை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். தாங்க முடியாத குழந்தைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் அழுகை நிற்காது. "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்பவர்களிடம் இந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள், போதும்.

படி 3: ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள்

நோட்டில் அடிக்கடி வருவதை எடுங்கள். லேபிளா? தையல் பிரித்து எடுத்துவிடுங்கள். மிக்ஸியா? "போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், சுவிட்சை அவனே தட்டட்டும்.

சாப்பாடு கொஞ்சம் பெரிய கதை. நம் பக்கத்தில் களி தின்னாத பிள்ளை என்றால் ஊரே கேட்கும். யோசித்துப் பாருங்கள்: களி ஒட்டும், சூடாக இருக்கும், மெல்லாமல் விழுங்க வேண்டும், கூடவே கீரைக் குழம்பின் நார். வாய் கூசும் குழந்தைக்கு இதைவிடக் கடினமான சாப்பாடு கிடையாது! அதே கேழ்வரகை முறுகலான அடையாகவோ வடிகட்டிய கஞ்சியாகவோ கொடுத்துப் பாருங்கள். களியை விட்டுவிட வேண்டியதில்லை. தட்டோரம் ஒரு சுண்டைக்காய் அளவு வையுங்கள், தின்னச் சொல்லாதீர்கள். சில நாளில் விரலால் தொடும், அப்புறம் முகர்ந்து பார்க்கும், அப்புறம் நக்கும். வாரக்கணக்கில் ஆகலாம். மூக்கைப் பிடித்து ஊட்டுவது கூடவே கூடாது. "பசிச்சா தானா தின்னும்" என்ற கணக்கும் இந்தக் குழந்தைகளிடம் பல நேரம் பலிக்காது. எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

படி 4: உடம்புக்கு வேலை கொடுங்கள்

தள்ளுவது, இழுப்பது, சுமப்பது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தரும். பல குழந்தைகள் இதில் அடங்குவார்கள். சின்னக் குடத்தில் பாதி தண்ணீர் தூக்குவது, மாவு பிசைவது, புளி சீசனில் ஓடு தட்டுவது என்று வீட்டிலேயே எவ்வளவோ இருக்கிறது. (புளியின் பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கொட்டையை மூன்று வயதுக்குக் கீழ் கையில் கொடுக்காதீர்கள், வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும்.) குளியல், முடிவெட்டு போன்ற கஷ்டமான வேலைக்கு முன் இதைச் செய்ய வையுங்கள்.

தூளியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் அமைதி வரும். சுற்றிவிட்டால் பல குழந்தைகளுக்கு வெறி ஏறும், தூக்கம் கெடும். பாயில் சுருட்டி விளையாடலாம், தலை வெளியே இருக்க வேண்டும், "போதும்" என்றால் அந்த நொடியே பிரித்துவிட வேண்டும். ஆன்லைனில் விற்கும் எடை போர்வையை (உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வை) சின்னக் குழந்தைக்குப் போர்த்தித் தூங்க வைக்காதீர்கள்.

படி 5: கூட்டம், திருவிழா

மயானக் கொள்ளைப் பம்பை, எருது விடும் விழாக் கூச்சல் எல்லாம் பெரியவர்களுக்கே காதடைக்கும். சத்தத்தைக் குறைக்கும் இயர் மஃப் வாங்கி வையுங்கள். நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள், சத்தமான நேரத்துக்கு மட்டும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, குழந்தை உடைவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

படி 6: தெரபி

ஆக்குபேஷனல் தெரபி பல குழந்தைகளுக்கு உதவுகிறது, ஆனால் அதில் புலன்களுக்குப் பயிற்சி தரும் சென்சரி தெரபிக்கு ஆய்வு ஆதாரம் கலவையாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012-ல் இதையே சொன்னது. அதனால் "அழாமல் தலைக்குக் குளிக்க வேண்டும்" என்பது போல ஒரு குறியைச் சொல்லித் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நோட்டில் மாற்றம் தெரியவில்லை என்றால் வெளிப்படையாகக் கேளுங்கள். பேச்சுத் தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது இவையும் இருந்தால் தள்ளிப்போடாமல் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி பக்கத்தவர்களுக்குப் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவு எட்டும் தூரத்தில்தான்.

மாதம் ஒரு தடவைதான் வர முடியும் என்றால் தெரபிஸ்ட்டிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்ய வேண்டியதை அவர் செய்து காட்டும்போது, அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.